மாட்டுப் பல்லில் சி4 வந்தால் சிறுதானியம் விளைந்தது என்று அர்த்தமா?

அல்சூர்வாசி
வணக்கம். பல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளைப் பற்றிப் போன மாதம் இங்கே நடந்த பேச்சில் ஒரு கேள்வி பாதியிலேயே நின்றுவிட்டது. அதைத் தனி இழையாக எடுத்து வைக்கிறேன்.

அந்த மேடுகள் மாட்டுச் சாணத்தைக் குவித்து எரித்த சாம்பல். தொல்லியலாளர் ஆல்சின் 1957இல் உட்னூரில் தோண்டியபோது மண்ணடுக்கில் மாட்டுக் குளம்புத் தடமே பதிந்து கிடந்தது. ஆகவே கி.மு. 3000க்குப் பிறகு இந்தப் பக்கம் இருந்த புதிய கற்கால மக்கள் மாடு வளர்த்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், எப்போதிலிருந்து விதைத்து அறுத்தார்கள் என்பதில்தான் பேச்சு நின்றது. "மாட்டுப் பல்லை ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளவீட்டுக்குக் கொடுங்கள், சி4 என்று வந்தால் சிறுதானிய விவசாயம் உறுதி" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இது அவ்வளவு நேரானதா? விஷயம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

தொன்மைத்தேடி
எழுதியது நான்தான். ராகி, கம்பு, சோளம், சாமை, தினை, வரகு எல்லாமே சி4 என்ற ஒளிச்சேர்க்கை வகைச் செடிகள். நெல், கோதுமை, பார்லி, பயறு வகைகள் சி3 என்ற இன்னொரு வகை. எலும்பிலும் பல்லிலும் உள்ள கார்பன் தின்ற தீனியிலிருந்து வந்தது. குஜராத்தில் கோட்டடா பத்லி என்ற சிந்து நாகரிகக் கால ஊரில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். மாடும் எருமையும் சிறுதானியத் தீனியில் வளர்ந்தன, செம்மறியும் வெள்ளாடும் சுற்றுவட்டப் புல்லையும் தழையையும் மேய்ந்தன என்று பற்களை வைத்துச் சொன்னார்கள். அங்கே முடிந்தது பல்லாரியில் ஏன் முடியாது? கீழடியிலும் மாடு, எருமை, ஆட்டு எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அத்தனையையும் அளந்தால் நம் முன்னோர் எதை விளைவித்தார்கள் என்ற சண்டையே ஓய்ந்துவிடும்.

கெமிஸ்ட்ரி டீச்சர் (ஜீவன்பீமா நகர்)
இழையைப் படிக்கிற பிள்ளைகளுக்காக அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காற்றில் உள்ள கார்பனில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.1 பங்கு கனமான கார்பன் 13, மீதி கார்பன் 12. இது கார்பன் 14 போலச் சிதைந்து போவதில்லை, ஆயிரம் வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும். செடி ஒளிச்சேர்க்கை செய்யும்போது கனமானதை ஓரளவு ஒதுக்கிவிட்டு லேசானதை அதிகமாக எடுத்துக்கொள்கிறது. சி3 செடி நிறைய ஒதுக்கும், சி4 குறைவாக ஒதுக்கும். ஒரு பொதுத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்று எழுதுவார்கள். சி3 செடிக்குச் சராசரி மைனஸ் 27 பக்கம், சி4 செடிக்கு மைனஸ் 12 பக்கம். நடுவில் பெரிய இடைவெளி இருப்பதால் இரண்டும் குழம்புவதில்லை.

தேனில் கலப்படம் கண்டுபிடிக்கவும் இதே கணக்குதான். தேனீ போகிற பூக்கள் பெரும்பாலும் சி3, கரும்பும் மக்காச்சோளமும் சி4. தேனில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்தால் எண் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

பற்சிப்பி
பல்லின் மேல்பூச்சான எனாமல் மாதிரிகளைத் துளைத்து எடுத்து மெஷினில் போடுவதுதான் என் அன்றாட வேலை, அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். டீச்சர் சொன்ன அடிப்படை முழுக்கச் சரி. தொன்மைத்தேடி சார் எடுக்கிற முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சி4 என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம் சிறுதானியத்தை நினைக்கிறோம். ஆனால் நம் தக்காணத்துச் சமவெளியில் மழைக்கு முளைக்கிற காட்டுப்புல் அநேகமாக எல்லாமே சி4. அருகம்புல் சி4, கொழுக்கட்டைப்புல் சி4. ஒரு விதைகூட விதைக்காத ஊரில், மேய்ச்சல் காட்டிலேயே பிறந்து வளர்ந்த மாட்டின் பல்லும் சி4 என்றுதான் காட்டும். டீச்சர் சொன்ன அதே அளவில் எண்ணாகச் சொன்னால், பெரிய தாவர உண்ணிகளின் எனாமல் அவை தின்ற செடியைவிட ஏறக்குறைய 14 கூடுதலாக நிற்கும். தழையை மட்டும் தின்ற விலங்கு மைனஸ் 12, 13 பக்கம் வரும். புல்லை மட்டும் தின்றது பூஜ்யம், பிளஸ் 2 பக்கம் வரும். கம்பந்தட்டை மட்டும் தின்ற மாடும் அதே பூஜ்யம், பிளஸ் 2தான்.

பாகிஸ்தானின் சிவாலிக் அடுக்குகளைப் பாருங்கள். அங்கே சுமார் 70, 80 லட்சம் வருஷங்களுக்கு முன் சி4 புல்வெளி பரவியது மண்ணிலும் தெரிகிறது, தாவர உண்ணிகளின் பல்லிலும் தெரிகிறது. அப்போது விதைக்க மனிதனே கிடையாது.

இந்த முறை பெயர் வாங்கிய இடங்களை யோசித்துப் பாருங்கள். 1978இல் வான் டெர் மெர்வேயும் ஃபோகலும் வட அமெரிக்கக் காட்டுப் பகுதி மக்களுக்கு மக்காச்சோளம் வந்த காலத்தை எலும்பில் காட்டினார்கள். அங்கே சுற்றியுள்ள காடு முழுக்க சி3, ஆகவே சி4 வந்தால் அது மக்காச்சோளம் என்று தைரியமாகச் சொல்லலாம். வட சீனாவில் டாடிவான் என்ற இடத்து நாய் எலும்புகளில் சி4 வந்தது, சுற்றுப்புறம் பெரும்பாலும் சி3, ஆகவே அந்த நாய்கள் மனிதர் விளைவித்த சிறுதானியத்தைத் தின்று வாழ்ந்தவை. அவர்களுக்குப் பின்னணி சுத்தமாக இருந்தது. நம் ஊரில் பின்னணியே சி4. வேறு மண்ணில் தேறிய முறையை அப்படியே கொண்டுவந்து இங்கே பூட்டினால் மேய்ச்சல் காடு எல்லாம் வயலாகத் தெரியும்.

தொன்மைத்தேடி
அப்படியானால் கோட்டடா பத்லி முடிவு தவறு என்கிறீர்களா?

பற்சிப்பி
தவறு என்று சொல்ல மாட்டேன் சார். அவர்கள் ஒரே எண்ணை வைத்துப் பேசவில்லை. ஒரே ஊரில், ஒரே நிலத்தில் இருந்த மாட்டையும் ஆட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு பல்லையும் வரிவரியாகத் துளைத்து வருஷம் முழுக்க என்ன நடந்தது என்று பார்த்தார்கள். ஆடு கலப்பாகத் தின்ன, மாடு மட்டும் காலம் மாறியும் சி4இலேயே நின்றது. அந்த வித்தியாசம்தான் வாதத்துக்குப் பலம். நாமும் அதே பாடுபட்டால்தான் அதே மாதிரி பேச முடியும்.

மாலூர் மாட்டுக்காரர்
வணக்கம். எங்கள் வீட்டில் தலைமுறையாக மாடு உண்டு. ஐசோடோப்பு எனக்குப் புதுசு, தீனி எனக்குப் பழசு. ரெண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒண்ணு, மாட்டுக்கு யாரும் ராகி போட மாட்டார்கள், ராகித் தட்டையைத்தான் போடுவார்கள். தானியம் மனுஷனுக்கு, தட்டை மாட்டுக்கு. அறுப்பு முடிந்து போர் போட்டால் அடுத்த மழை வரைக்கும் அதுதான். மழைக்காலத்தில் கரை, வரப்பு, ஏரி ஓரம் எங்கே பசுமை இருக்கிறதோ அங்கே மேயும். ஏரிப் பாசனம் உள்ள ஊர்க்காரர்களுக்கு நெல் வைக்கோல் உண்டு. எங்கள் மேட்டு நிலத்துக்கு அது கிடையாது, வேண்டுமென்றால் விலைக்கு வாங்க வேண்டும்.

ரெண்டு, வெள்ளாடும் செம்மறியும் ஒண்ணு இல்லை. வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்துத் தழையைத் தேடும். செம்மறி தலையைக் குனிந்து புல்லைத் தேடும். ரெண்டையும் "ஆடு" என்று ஒரே கூடையில் போட்டு அளந்தால் கணக்குக் குழம்பும்.

பற்சிப்பி
அண்ணே, நீங்கள் சொன்ன ரெண்டும் ஆய்வுக் கட்டுரையில் போட வேண்டிய விஷயம். முதலில் வைக்கோல்.

மாட்டின் கடைசிக் கடைவாய்ப் பல் கன்றுக்கு ஒரு வயசு நெருங்கும்போது உருவாகத் தொடங்கி ரெண்டு வயசு வாக்கில் முடிகிறது. மேலிருந்து கீழாக வளர்வதால் அதில் ஏறக்குறைய ஒரு வருஷத் தீனி அடுக்காகப் பதிந்திருக்கும். எனாமல் ஒருமுறை உருவானபின் மாறாது. பல் வைத்தியர் பயன்படுத்துவது போன்ற வைர முனையால் குறுக்கே மெல்லிய கோடுகளாகச் சுரண்டுவோம். ஒரு கோட்டுக்குச் சில மில்லிகிராம் பொடி. பொடியை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கழுவினால் மண்ணிலிருந்து ஒட்டிய சுண்ணாம்பு போய்விடும். பிறகு பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், அதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எடை பார்த்துப் பிரிக்கும். ஒரே வாயுவில் கார்பனும் கிடைக்கிறது, ஆக்சிஜனும் கிடைக்கிறது.

ஆக்சிஜன்தான் நமக்குக் காலண்டர். அடைமழைத் தண்ணீரில் கனமான ஆக்சிஜன் 18 குறைவு. கோடையில் ஏரி குட்டை வற்ற வற்ற, லேசானது ஆவியாகிப் போய் மிச்சத் தண்ணீரில் கனமானது கூடும். மாடு குடித்த தண்ணீர் அப்படியே பல்லில் ஏறும். ஆக ஆக்சிஜன் எண் உச்சத்தில் உள்ள கோடு கோடைக்காலம் என்று வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் கார்பன் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இப்போது அண்ணன் சொன்ன ஏரிப் பாசன ஊரை எடுங்கள். மழைக்காலத்தில் மாடு சி4 புல் மேய்கிறது, கோடையில் நெல் வைக்கோல் தின்கிறது. வைக்கோல் சி3. ஆக்சிஜன் ஏறும்போதெல்லாம் கார்பன் இறங்க வேண்டும், ரெண்டு கோடும் ஒன்றுக்கொன்று எதிராகப் போகும். கோடையில் தழை ஒடித்துப் போட்டிருந்தாலும் கார்பன் கொஞ்சம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் ஊர் மாடுகள் பலவற்றிலும் ஒரே மாதிரி ஆழமான இறக்கம் வந்து, அதே மண்ணடுக்கில் கருகிய நெல்லும் கிடைத்தால் அது பலமான சாட்சி. அதாவது நம் பக்கத்தில் மாட்டுப் பல் நெல்லைக் காட்டிக்கொடுக்கும், சிறுதானியத்தைக் காட்டிக்கொடுக்காது. ராகித் தட்டையும் காய்ந்த காட்டுப்புல்லும் மெஷினுக்கு ஒன்றுதான்.

அல்சூர்வாசி
இது எனக்குப் புதிய திறப்பு. அப்படியானால் சிறுதானியத்தை எதில் தேடுவது?

பற்சிப்பி
புல் தின்னாத வாயில் தேட வேண்டும். நாய், பன்றி, மனிதன். நாய்க்குப் புல் தீனி இல்லை, வீட்டு மிச்சம்தான் சாப்பாடு. வீட்டில் களி கிண்டினால் நாய்க்கும் களி. எலும்புக் குவியலில் ஒரு நாய்த் தாடை கிடைத்தால் எனக்கு அது பத்து மாட்டுப் பல்லுக்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த நாய் புல் மேய்ந்த மாட்டின் இறைச்சியைத் தின்றிருந்தாலும் சி4 வரும். அங்கேதான் நைட்ரஜனின் கனமான வகையான நைட்ரஜன் 15 உதவுகிறது. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜன் எண் 3 முதல் 5 வரை கூடும். கார்பன் சி4, நைட்ரஜனும் உயரம் என்றால் மாட்டிறைச்சிக்கும் பாலுக்கும் வாய்ப்பு அதிகம். கார்பன் சி4, நைட்ரஜன் தாழ்வு என்றால் தானியத்துக்கு வாய்ப்பு அதிகம். இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அறுத்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டு உரம் ஏற்றினால் அதில் விளைகிற தானியத்துக்கே நைட்ரஜன் எண் ஏறிவிடும். கிடை போட்ட வயலின் தானியத்தைச் சாப்பிட்டவர் எலும்பில் இறைச்சி சாப்பிட்டவர் போலத் தெரிவார். வறண்ட மண்ணும் எண்ணைக் கொஞ்சம் ஏற்றும். மாறாக, கொள்ளு, பாசிப்பயறு போன்றவை நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுப்பதால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கொரலெ என்று கன்னடத்தில் சொல்கிற சிறுதானியமும் இந்த ரெண்டு பயறும் சாம்பல் மேட்டுக் கால ஊர்களில் கருகிய விதைகளாகவே கிடைத்திருக்கின்றன. ஆகவே பயறு எவ்வளவு என்பதையும் கணக்கில் வைக்காமல் ஒரு எண்ணைப் படிக்க முடியாது.

தொன்மைத்தேடி
ஒவ்வொரு வழியையும் அடைத்துக்கொண்டே போனால் யார்தான் முயற்சி செய்வார்கள்? கீழடிப் பக்கத்துக் கொந்தகையையோ ஆதிச்சநல்லூரையோ எடுங்கள். மனித எலும்பே இருக்கிறது. நாயைத் தேடுவானேன்? நேராக மனிதனை அளக்கலாமே. நம் வரலாற்றை வேறு யாரோ எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறீர்களா?

பற்சிப்பி
சும்மா இருக்கச் சொல்லவில்லை சார், உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. தடை வெப்பம்தான். நைட்ரஜன் அளக்கக் கொலாஜன் வேண்டும், அது எலும்பில் உள்ள புரதம். நம் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற மண்ணில் அது கரைந்து போய்விடுகிறது. எரிந்த எலும்பில் சுத்தமாக இருக்காது. எடுத்த கொலாஜனில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 2.9க்கும் 3.6க்கும் நடுவே இருந்தால்தான் அது நல்ல மாதிரி. 1985இல் டிநீரோ வைத்த அளவுகோல் இது, இன்றும் இதைத் தாண்டித்தான் எதையும் பேசுவோம். ஐரோப்பாவின் குளிர்மண்ணில் சுலபமாகத் தேறுவது இங்கே பெரும்பாலும் தேறாது. எனாமல் அப்படியல்ல, கிட்டத்தட்ட முழுக்கத் தாது, வெயிலைத் தாங்கும். அதனால்தான் நாங்கள் பல்லையே சுற்றிச் சுற்றி வருகிறோம்.

கொலாஜன் தேறினாலும் அதற்கென்று ஒரு குணம் உண்டு. நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ரமேஷும் 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியக் காட்டு யானைகளின் எலும்புக் கொலாஜனை அளந்தார்கள். யானை கணிசமாகப் புல் தின்பதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் கொலாஜனில் மரத்தழையின் பங்குதான் மேலோங்கி வந்தது. காரணம், தழையில் புரதம் அதிகம், கொலாஜன் கட்டப்படுவது பெரும்பாலும் புரதத்திலிருந்து. மனிதனுக்கும் இதே கதைதான். மூணு வேளையும் களி தின்று, கூடவே ஆட்டுக்கறியும் மீனும் கொஞ்சம் சாப்பிட்டவர் எலும்பில் கறியும் மீனும் அவற்றின் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். உடலுக்கு எரிபொருளாகப் போன மாவுச்சத்தை எனாமல் கார்பன் நன்றாகக் காட்டும். அதனால் ரெண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மனிதப் பல்லைத் துளைப்பது மீட்க முடியாத செயல் என்பதும் என் மனசில் எப்போதும் இருக்கிறது. ஒரு முதுமக்கள் தாழியில் இருக்கிற பல் இனி வராது. விலங்குப் பற்களை முதலில் அளந்து அந்த ஊரின் பின்னணி எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு, அவசியமான இடத்தில் மட்டும் மனிதனுக்கு வர வேண்டும்.

கே.ஆர்.புரம் வாசகன்
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மாட்டைப் பாலுக்கு வளர்த்தார்களா, கறிக்கா என்பதும் இதில் தெரியுமா?

பற்சிப்பி
தெரியும் தம்பி. பால் குடிக்கிற கன்றுக்குத் தாயைவிட நைட்ரஜன் ஒரு படி உயரம், பாலை மறந்ததும் இறங்கிவிடும். பல்லின் உள்பகுதியில் அந்த இறக்கம் பதிவாகும். பாரிஸ் நகருக்குள்ளேயே உள்ள பெர்சி என்ற புதிய கற்கால ஊரின் மாட்டுப் பற்களில் இதை 2002இல் காட்டினார்கள், கன்றுகள் இயற்கையைவிடச் சீக்கிரமே பால் மறக்கடிக்கப்பட்டன என்று. அதற்கும் கொலாஜன் வேண்டும் என்பதால் நமக்குக் கஷ்டம். பானை ஓட்டில் ஊறிய கொழுப்பை அளப்பது இன்னொரு வழி, கோட்டடா பத்லியில் பால் கொழுப்பு அப்படித்தான் தெரிந்தது.

அல்சூர்வாசி
இவ்வளவும் படித்தபின் எனக்கு வருகிற கவலை வேறு. சில வருஷம் முன்பு ஓர் அகழாய்வு இடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மணியும் ஓடும் எழுத்தும் வந்தால் உடனே உறையிட்டுச் சீட்டு ஒட்டினார்கள். விலங்கு எலும்புத் துண்டுகள் எல்லாம் ஒரே சாக்கில் போய்க்கொண்டிருந்தன, எந்த அடுக்கில் எடுத்தது என்ற குறிப்பு இல்லாமல். அடுக்கு தெரியாத பல்லுக்கு ஐசோடோப்பு அளந்து என்ன பயன்? அது எந்த நூற்றாண்டு மாடு என்றே தெரியாதே.

பற்சிப்பி
ஒன்றும் பயனில்லை. என் கைக்கு வருகிற மாதிரிகளில் மனசு உடைவது அந்த இடத்தில்தான். அளவு அருமையாக வந்திருக்கும், பக்கத்தில் எழுத அடுக்கு எண் இருக்காது. பல் தாடையோடு இருந்தால் தாடையிலிருந்து பிடுங்காமல் எடுக்க வேண்டும், எத்தனையாவது பல் என்பது அப்போதுதான் உறுதிப்படும். அந்த அடுக்கு மண்ணைத் தண்ணீரில் கரைத்து மிதக்கிற கருகிய விதையைச் சேர்க்க வேண்டும். பல்லும் விதையும் ஒரே அடுக்கிலிருந்து வந்தால் ஒன்று சொல்லாததை இன்னொன்று சொல்லும்.

தொன்மைத்தேடி
இந்தக் கோரிக்கையில் நான் முழுசாக உங்களோடு நிற்கிறேன். கூடவே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அளந்த எண்கள் தமிழில் வெளிவர வேண்டும். "நம்மவர் இதைச் சாப்பிட்டார்கள்" என்று மேடையில் முழங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு எது விதை சொன்னது, எது பல் சொன்னது என்று பிரித்துப் பேச அது உதவும். மாட்டுப் பல் நெல்லைத்தான் காட்டும், சிறுதானியத்தைக் காட்டாது என்பதை இதுவரை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. தாமிரபரணிக் கரை எலும்பில் அந்தக் கோடைக்கால இறக்கம் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இப்போதே ஆசையாக இருக்கிறது.

மாலூர் மாட்டுக்காரர்
மேடம், நீங்கள் "பின்னணி எண்" என்று சொல்கிறீர்களே, அது இன்றைய மாட்டிலிருந்தும் எடுக்கலாமா? எங்கள் பக்கம் வயசாகி இறந்த மாட்டை நிலத்திலேயே புதைப்போம். தாடை எடுத்துத் தரலாம். பெங்களூர்க் கறிக்கடையில் ஆட்டுத் தலை தினமும் கிடைக்கும்.

பற்சிப்பி
எடுக்கலாம் அண்ணே, அது எங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் கடைத் தலை வேண்டாம். அந்த ஆடு பன்னூரிலிருந்து வந்ததா, ஆந்திராவிலிருந்து வந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது. உங்கள் ஊரில் பிறந்து உங்கள் ஊரிலேயே செத்ததாக இருக்க வேண்டும்.

தாடையோடு ஒரு தாளும் வேண்டும். மாடு பிறந்த மாதம், எந்த மாதத்தில் என்ன தின்றது, எங்கே தண்ணீர் குடித்தது. ஏரித் தண்ணீரா, போர்வெல்லா என்பது ஆக்சிஜனுக்கு மிக முக்கியம், போர்வெல் தண்ணீரில் கோடையும் மழையும் அவ்வளவு வித்தியாசம் காட்டாது. கடைத் தீவனம் வாங்கியிருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள், அதில் மக்காச்சோளம் இருக்கும், அது சி4. பால் மாட்டைவிட மேய்ச்சலுக்கே விட்ட நாட்டு மாடு நல்லது. இன்றைய காற்றில் நிலக்கரி, பெட்ரோல் புகையால் கார்பன் எண் பழங்காலத்தைவிட ஒன்றரை, ரெண்டு புள்ளி இறங்கியிருக்கிறது. அதை நாங்கள் கணக்கில் திருத்திக்கொள்வோம். ஒரு கைப்பிடி ராகித் தட்டை, ஒரு கைப்பிடி கரைப் புல், வெள்ளாடு எட்டிப் பறிக்கிற மரத்தின் தழை கொஞ்சம், எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தித் தனித்தனிக் காகித உறையில் போட்டு மேலே இடமும் மாதமும் எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பூசணம் பிடித்துவிடும். தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.